ஒரே பானை

"பானைத் தண்ணி நாறுது டீச்சர்."

குடிக்காததற்கு நியாகிம் சொன்ன காரணம் அவ்வளவுதான். தலைமையாசிரியை மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில்.

"நாப்பது பொண்ணுங்க குடிக்கிறாங்க. உனக்கு மட்டும் நாறுதா?"

"ஆமா டீச்சர்."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நூறு மாடு இருக்கிற வீட்டு மூக்கு டீச்சர் அது! நம்ம மூக்கு மாதிரியா?" என்றாள் ஒருத்தி.

தபிதா சிரிக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோபாத் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளி, சண்டையில் மூன்று தடவை எரிந்து, மூன்று தடவையும் கூரை போட்டுக்கொண்டது. எந்தக் குலத்துப் பெண்ணாக இருந்தாலும் ஒரே பானைத் தண்ணீர், ஒரே சட்டிக் களி. முடியாது என்றால் வெளியே போ. தலைமையாசிரியை நல்லவர்தான். இந்த ஒன்றில் மட்டும் இரக்கம் பார்க்க மாட்டார். குலச் சண்டைக்கு இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர்.

தலைநகர் ஜூபாவிலிருந்து எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள் வர இன்னும் மூன்று வாரம். தேறினால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் மாடு கொடுக்கிறவன் எவனோ அவனுக்குப் பெண்டாட்டி. இதில் நடுவழியெல்லாம் கிடையாது. வகுப்பில் முதலிடம் நியாகிம்தான். அந்தத் திமிர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தபிதாவும்தான் நினைத்தாள்.

அவள் பள்ளிக்கு வந்த முதல் நாள் நியாகிம் நன்றாகத்தான் பேசினாள். இருவரும் ஆற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். தபிதா தன்னை மறந்து ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

"நல்லா இருக்கே. யார் காளைப் பாட்டு?" என்று கேட்டாள் நியாகிம்.

தபிதாவுக்குத் திக்கென்றது. அவள் அண்ணன் கட்வெச் தன் காளைக்குக் கட்டின பாட்டு அது. ஆளுக்கு ஒரு காளை, காளைக்கு ஒரு பாட்டு; பாட்டைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மாட்டுப்பட்டியில் ஒருத்தனைக் குத்திக் கொன்றுவிட்டு எத்தியோப்பியாவுக்கு ஓடிப்போனவன் அவன். அண்ணன் பேரையும் வீட்டில் கூப்பிடும் பேரையும் வெளியே சொல்லவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தாள். தபிதா என்பது ஞானஸ்நானப் பேர்.

"தெரியாது. சந்தையில யாரோ பாடினாங்க."

நியாகிம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்றோடு பேச்சு நின்றது; அவள் பானைப் பக்கம் வருவதும் நின்றது. ஒரு மாடுகூட இல்லாத வீட்டுப் பெண் என்று மோப்பம் பிடித்துவிட்டாள் போல என்று தபிதா நினைத்துக்கொண்டாள்.

நேற்று வெயிலில் நியாகிம் மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். ஆற்றுக்குப் போய்க் குடிப்பதும், தகர டப்பாவில் வைத்திருந்த காய்ந்த மீனைத் தின்பதுமாக எத்தனை நாள் ஓட்ட முடியும்? தபிதாதான் குவளையில் தண்ணீர் கொண்டு ஓடினாள்.

"நீ சொல்லு தபிதா. நேத்து என்ன நடந்துச்சு?" என்றார் தலைமையாசிரியை.

நியாகிம் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"வாய்கிட்ட கொண்டு போனேன் டீச்சர். தட்டிவிட்டா. எங்க எச்சில் அவளுக்கு ஆகாதாம்."

கடைசியில் சொன்னது பொய். நியாகிம் அப்படிச் சொல்லவே இல்லை.

"பெட்டியைக் கட்டு" என்றார் தலைமையாசிரியை.

மூன்றாம் நாள் மத்தியானம் நியாகிமைக் கூட்டிப்போக அவள் அண்ணன் வந்தான். தோளில் துப்பாக்கி. அன்றைக்குப் பானையில் மொண்டு கொடுக்கிற முறை தபிதாவுடையது. குவளையும் கையுமாக நின்றாள்.

"தண்ணி குடிக்கலேன்னு துரத்திவிட்டாங்களா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்கடி!" பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். "போகட்டும் விடு. முப்பது மாட்டோட ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்."

நியாகிம் தகர டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆமா, ஒண்ணு கேக்கணும். நம்ம பெரியண்ணனைக் குத்தினானே கட்வெச், அவன் தங்கச்சி இந்தப் பக்கம்தான் எங்கேயோ படிக்கிறாளாம். உன் கண்ணுல பட்டாளா?"

தபிதா சட்டென்று பானைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லையே" என்றாள் நியாகிம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அண்ணன் ரத்தத்துக்கு இன்னும் பழியும் வாங்கலை, ஈடா மாடும் வரலை. அதுவரைக்கும் அவங்க வாய் வச்ச பாத்திரத்துல நாம வாய் வச்சா, அடுத்த சாவு நம்ம வீட்டுலதான். மறந்துடாதே. அவ மட்டும் என் கண்ணுல படட்டும், பொண்ணுன்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

"அப்படி யாரும் இங்க இல்லண்ணே."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பானைப் பக்கம் திரும்பினான்.

"ஏ பொண்ணு, ஒரு குவளை தண்ணி குடு. நாக்கு வறளுது."

தபிதா மொண்டுவிட்டாள். நீட்டவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. அப்படியே நின்றாள்.

நியாகிம் நடுவில் வந்தாள். தபிதாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"வேணாம்ணே, அந்தத் தண்ணி நாறும். வா, ஆத்துல குடிக்கலாம்."