இரண்டாவது பிஸ்கட்

காப்பிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட். கொடுத்ததும் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். ஹார்ம் கிழவரோ மூடப் போன டப்பாவுக்குள் மறுபடியும் கையை விட்டார்.

"ஐயா, இப்பதானே ஒண்ணு எடுத்தீங்க?" என்றாள் நர்ஸ் ஃபென்னா.

"நானா? இன்னும் தொடவே இல்லையேம்மா." மீசையில் ஒட்டியிருந்த துகள் அவர் பேசப் பேச ஆடியது.

"பாத்தியாம்மா? வீட்டுலயும் இதே கூத்துதான்" என்றாள் அவர் மனைவி மின்கே, தன் பிஸ்கட்டை மென்றபடி.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் அந்த மருத்துவமனை மறதி நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. மறதி இப்போதுதான் தொடங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஓர் இடம்தான் பாக்கி. இன்று சாயங்காலத்தோடு பதிவும் முடிகிறது. நோயாளிக்கு நீல நாற்காலி. கூட இருந்து பார்த்ததைச் சொல்ல வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அவருக்குச் சிவப்பு நாற்காலி.

ஃபென்னாவுக்கு நீல நாற்காலியில் இருந்த ஹார்ம் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பேப்பரில் விளம்பரத்தைக் கண்டுபிடித்தது இவரேதான். விடாமல் ஃபோன் செய்து நாள் வாங்கியதும் இவரேதான். மறதிக்காரருக்கு இவ்வளவு சுறுசுறுப்பா?

"இது எந்த வருஷம் ஐயா?"

"கில்டர் காசு இன்னும் செல்லுது இல்ல?" கில்டர் போய் யூரோ வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

"ஒரு கடிகாரம் வரைங்க."

பதின்மூன்று மணி வரைக்கும் வரைந்தார். "ஒண்ணு கூடவே இருக்கட்டும்னு போட்டேன்."

"தெரிஞ்ச மிருகங்களைச் சொல்லுங்க."

"பசு." யோசித்தார். "பசு." கூரையைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுப் பசு."

ஃபென்னா பெருமூச்சு விட்டு மின்கேவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா, இவரோட மறதியைப் பத்தி."

இதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்த மின்கே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொன்னா பொழுது போயிடும். வீட்டுச் சாவி ரொட்டி டப்பாவுல கிடந்துச்சு. சைக்கிளைச் சந்தையிலயே விட்டுட்டு நடந்து வந்தாச்சு. போன வாரம் கஸ்டர்டு முழுக்க உப்பு. மருமகன் ஒரு வாய் வெச்சுட்டு, பாவம், ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்."

"கஸ்டர்டு இவர் செஞ்சதா?"

"இவருக்கு வெந்நீர் போடவே வராது. செஞ்சது நான். சர்க்கரை டப்பாவுல உப்பைக் கொட்டி வெச்சது இந்த மனுஷன். ஆனா கேட்டா உடனே 'நான்தான்'னு ஒத்துக்குவார். அந்த வகையில நல்லவர்."

ஹார்ம் பரிசு வாங்கியவர் போலத் தலையாட்டினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டுகளை எடுத்து வர மின்கே எழுந்து போனாள்.

ஃபென்னா சாதாரணமாகக் கேட்டாள். "அடுத்த சோதனையை வியாழக்கிழமை வெச்சுக்கலாமா ஐயா?"

"வியாழன் வேணாம்மா. காலையில பத்தேகாலுக்குப் பல் டாக்டர். மத்தியானம் கூரை ஒழுகறதைப் பாக்க ஆள் வர்றான். வெள்ளின்னா..." அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஃபென்னா பேனாவை மூடினாள். "உங்க ஞாபக சக்தி எனக்கு இருந்திருந்தா நான் டாக்டராவே ஆயிருப்பேன். நிஜமாவே அவதிப்படற ஒருத்தருக்குப் போக வேண்டிய இடம் ஐயா இது."

ஹார்ம் தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார். "அவ்வளவு மோசமாவா நடிச்சேன்?"

"மூணாவது பசுவிலயே தெரிஞ்சு போச்சு."

"ரெண்டோட நிறுத்தியிருக்கணும்."

"ஒரு பிஸ்கட்டுக்காகவா இத்தனை நாடகம்?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மின்கே கையில் இரண்டு கோட்டுகள். ஒன்று யாரோ ஒரு டாக்டருடையது. மற்றது ஏதோ குழந்தையுடையது. மஞ்சள் நிறம், முதுகில் வாத்துப் படம். அதை ஹார்மின் தோளில் வைத்து அளந்து பார்த்தாள்.

"ஏன்யா, உன் கோட்டு மழையில சுருங்கிப் போச்சா?"

ஃபென்னா வாயெடுக்கும் முன் ஹார்ம் முந்திக்கொண்டார். "நான்தான் மின்கே. தப்பான கொக்கியில மாட்டிட்டேன்."

"வேற யாரு?" மின்கே சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கோப்பைத் தட்டைப் பார்த்தாள். அதில் துகள்கள் மட்டும்தான் இருந்தன. "காப்பி குடுத்தாங்க, ஒரு பிஸ்கட் குடுக்கணும்னு தோணலையே இவங்களுக்கு."

"உன்னோடதையும் நான்தான் தின்னுட்டேன்" என்றார் ஹார்ம்.

ரொட்டி டப்பாவில் சாவி. சந்தையில் சைக்கிள். கஸ்டர்டில் உப்பு. மின்கேவை இங்கே வரவழைக்கத்தான் இந்த நாடகம் என்று ஃபென்னாவுக்கு உறைத்தது. பிறகு அலமாரியைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே காப்பிக்கு இரண்டு தடவை திறந்தறியாத டப்பாவைத் திறந்து, மின்கேவின் முன்னால் வைத்தாள்.

"மின்கேம்மா, இப்ப உங்களைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா?"

மின்கே பிஸ்கட்டை எடுக்கவில்லை. மடியில் கிடந்த வாத்துக் கோட்டைத் தடவி, அதன் குட்டிக் கையை விரித்துப் பார்த்தாள்.

"நீ கூட இருப்பியா?" என்று கணவரைக் கேட்டாள்.

ஹார்ம் எழுந்தார். நீல நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து அவள் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, சிவப்பு நாற்காலி காலியாவதற்காகக் காத்து நின்றார்.