கூண்டோடு வந்தவன்

"நீ அதைத் தொடாத. அது எனக்கு வேணும்" என்றார் கோமதிநாயகம். கையில் கடப்பாரை இருந்தது.

ஆரியசாலையில் மல்லி, வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். கிடங்கின் உள்மூலையில், மூட்டைகளுக்கு நடுவே, செவலை நாய் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. காலையில் ஸ்கூல் வேனுக்குக் காத்து நின்ற அவர் மகள் அஜிதாவின் கன்னத்தைக் கடித்துக் குதறிவிட்டு, ஓடிவந்து இங்கே புகுந்திருந்தது.

அஜிதாவுக்கு ஆறு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. சீருடை முழுக்க ரத்தமாக அவளை அள்ளிக்கொண்டு அம்மா சாவித்ரி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் அரைமணி நேரம் ஆகிறது.

"நீங்களும் வாங்க" என்று அவள் கதறியும் கோமதிநாயகம் ஏறவில்லை. "இங்க ஒரு சோலி கெடக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சோலிக்குக் குறுக்கேதான் வன்னியராஜ் நின்றான். தெருநாய்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுகிற அமைப்பில் வேலை பார்க்கிறவன். அந்த முடுக்குச் சந்தில் யாரோ போன் செய்ய, வலையும் இரும்புக் கூண்டுமாக வந்து இறங்கிவிட்டான்.

பெற்ற பிள்ளையின் ரத்தம் சட்டையில் இன்னும் காயவில்லை. அதற்குள் நாய்க்கு வக்காலத்து வாங்க ஒருத்தன் வந்து நின்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"அடிக்காதீங்க அண்ணாச்சி. நான் உசுரோட கூண்டுல ஏத்திருதேன்."

"ஏத்திக் கொண்டு போயி? போன வருஷம் இந்த முடுக்குல நாலு நாயைப் பிடிச்சே. ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, மறுவீட்டு மாப்பிள்ளை கணக்கா திரும்ப இங்கேயே கொண்டாந்து விட்டே. அது நீதான?"

"எடுத்த எடத்துலதான் விடணும் அண்ணாச்சி, அது சட்டம். ஆனா இது அந்த நாலுல சேத்தி இல்ல. எங்கிருந்தோ புதுசா வந்திருக்கு. அதனாலதான் சொல்லுதேன்..."

"புதுசா வந்ததுக்கு விருந்து வைக்கணுமோ?"

"உங்க பிள்ளைக்காகத்தான் சொல்லுதேன். இது சாகக்கூடாது."

கோமதிநாயகத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நாயைக் கொன்றால் அந்தப் பாவம் பிள்ளைகள் தலையில் விழும் என்று பேசுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"பாவ புண்ணியமெல்லாம் எனக்கு நீ சொல்லித் தராத. போலே வெளிய!"

வன்னியராஜை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். கூண்டையும் காலால் எத்திவிட்டு, ஷட்டரை இழுத்து உள்ளே பூட்டினார். வெளியே அவன் ஷட்டரைத் தட்டித் தட்டி என்னவோ கத்திக்கொண்டிருந்தான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது அடியில் நாயின் சத்தம் நின்றுவிட்டது. கோமதிநாயகம் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மகளின் பெயரைச் சொன்னார்.

அதோடும் ஆத்திரம் தீரவில்லை. புதைத்தால் அந்த வன்னியராஜ் வந்து மாலை போட்டாலும் போடுவான் என்று தோன்றியிருக்க வேண்டும். கிழிந்த சாக்குகளையும் உடைந்த பலகைப் பெட்டிகளையும் கிடங்கின் பின்வாசலில் குவித்தார். நாயை மேலே தூக்கிப் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்தினார்.

அணைய அணைய விறகு போட்டார். மத்தியானம் வரை அசையாமல் பக்கத்திலேயே நின்றார். எலும்புகூடப் பொடிந்து சாம்பலான பிறகுதான் அவருக்கு வயிறு குளிர்ந்தது. இதில் தப்பென்ன இருக்கிறது, கடிபட்டது அவர் பிள்ளையல்லவா?

ஷட்டரைத் திறந்தபோது வன்னியராஜ் காலிக் கூண்டின் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். செத்த நாய்க்குத் துக்கம் காக்கிறானாம்!

"பிள்ளை எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

பதில் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார் கோமதிநாயகம்.

ஆஸ்பத்திரியில் அஜிதா முகத்தில் பாதியை மறைத்த கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவள் காதருகில், "உன்னைக் கடிச்சதுக்கு அப்பா சரியாக் குடுத்துட்டேன் மக்கா" என்றார். குரலில் சந்தோஷமே இருந்தது.

டாக்டர் ஷீனா வந்து, மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"அப்பாவா? பேடிக்கண்டாம், பயப்படாதீங்க. உங்க குட்டிக்கு ஊசி எல்லாம் போட்டாச்சு. ஆனா கடி முகத்துலயாக்கும், மூளைக்கு ரொம்பப் பக்கம். அந்த நாய்க்கு வெறி உண்டா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் எனக்கும் ஒரு சமாதானம். பத்து நாளு அது நல்லா இருந்துச்சுன்னா குட்டிக்குப் பயமே இல்ல. பிடிச்சு வச்சிருக்கீங்கல்லா?"

சாவித்ரியின் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக ஒரு தெம்பு வந்தது.

"இவங்க அதுக்குத்தான் எங்க கூட வராம அங்கேயே நின்னாங்க டாக்டர்" என்றாள்.

கோமதிநாயகம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சுக் கொன்னுட்டேன்."

டாக்டர் கோமதிநாயகத்தின் தோளில் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

"பரவாயில்ல, டெஸ்ட்டுக்கு அனுப்பினா தெரிஞ்சிரும்... உடம்பு எங்க இருக்கு?"