அடுப்பில் பூனை

காலையில் தங்கை வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்த அண்ணன் அதிர்ந்துபோனான்.

"என்னம்மா, அடுப்புல பூனை தூங்குது! பிள்ளைக்கு என்ன கொடுக்கப்போற?"

"அவ ஸ்கூல்லயே சாப்பிடுவாண்ணே. மாநகராட்சியில எல்லாப் பிள்ளைங்களுக்கும் காலைச் சாப்பாடு இலவசமாப் போடுறாங்களே."

"பெத்த பொண்ண ஓசிச் சாப்பாட்டுக்கு அனுப்புறியே, ஊர் சிரிக்காது?"

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"மாமா, என் பக்கத்துல உட்கார்ற பொண்ணு முன்னாடியெல்லாம் வெட்கப்பட்டுக்கிட்டுப் பட்டினியாவே இருப்பா. நான் தட்டத் தூக்கினதும் அவளும் தூக்கிட்டா."

அம்மா அவள் தலையைக் கோதிவிட்டாள்.

"சாப்பாடெல்லாம் நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கும்மா. நேத்து பால் மட்டும் ஒரே தண்ணி."

கோதிய கை அப்படியே நின்றது.

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்தார்.

"மேயரம்மா, நேரா ஆபீசுக்குத்தானே?"

"இல்லைங்க, முதல்ல இவ ஸ்கூல் சமையலறைக்கு விடுங்க. பால்ல தண்ணி ஊத்தினது யாருன்னு நானே கேக்குறேன்."

"தொலைஞ்சான் பால்காரன்!" என்று சிரித்தபடி, மருமகளின் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் முதல் ஆளாக வண்டியில் ஏறினான்.

"எனக்கும் ஒரு தட்டு சொல்லு, தங்கச்சி."