மண்ணில் புதைத்த போத்தல்

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க, ஜப்பான் அதிகாரி பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தான். காய்ச்சலால் இந்தத் தடவை தப்பித்த கணவன் அய்யாவு அடுத்த தடவை தப்பமாட்டான் என்று மருதம்மாளுக்குப் பயம். வீட்டில் இருந்த ஒரே பியர் போத்தலை அதிகாரியிடம் நீட்டினாள். மரவள்ளிக் கஞ்சியில் கள் மண்டியை ஊற்றிப் புளிக்கவைத்து, போத்தலில் அடைத்து, ஒரு வருஷம் மண்ணில் புதைத்திருந்த சரக்கு.

தக்கையை எடுத்ததும் நுரை பொங்கியது. ஒரு வாய் குடித்த அதிகாரி கண்ணை மூடினான். பிறகு போத்தலையே காலி செய்தான்.

"யார் செஞ்சதுன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்த்த கிராணி, தோட்டத்து எழுத்தர்.

"என் வீட்டுக்காரருங்கய்யா. அவரு போயிட்டா இதைச் செய்ய இங்க ஆளே இல்லைன்னு சொல்லுங்க."

அதிகாரி சிரித்தபடி ஏதோ சொன்னான். கிராணியின் முகம் சுண்டியது.

"சயாம்ல அதிகாரிங்களுக்குக் குடிக்க நல்லதா ஒண்ணும் இல்லையாம், மருதம்மா. செஞ்ச ஆளை இன்னிக்கே லாரியில ஏத்தணுமாம்."

மருதம்மாள் கிராணியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அதை ஊறப்போட்டது..."

"நான்தான்" என்று முந்திக்கொண்டான், உள்ளே படுத்திருந்து எழுந்து வந்த அய்யாவு, அவளைப் பார்க்காமலே.

கஞ்சி காய்ச்சியதும் குழி வெட்டியதும் அவள். அய்யாவு அதை ஒரு வாய் ருசி பார்த்தவன்கூட இல்லை.