வீடு வந்த பொய்

அக்கா பேசி முடித்தபோது அவன் ஜெயித்திருந்தான்.

"தம்பி, கொழந்தைங்களக் கடத்துறவன் ஒருத்தன் ஓசூர்ல சுத்துறானாம். பச்ச மொபெட்டு, பெரிய மூட்டை. வலது கையில ரெண்டு வெரல் இல்ல. அக்கம்பக்கத்துல சொல்லி வை."

தருமபுரியிலிருந்து குடும்பக் குழுவுக்கு அவள் அனுப்பிய குரல் செய்தி. பயந்துபோயிருந்தாள், பாவம்.

அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்தக் கதையை ஒரு இணையதளத்தில் எழுதியவன் அவன்தான்.

பெயரில்லாதவர்கள் எழுதும் தளம் அது. கணக்குத் தொடங்க வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். எழுதுகிற எல்லாருக்கும் ஒரே பெயர்: 'யாரோ'. அங்கே ஒரு விளையாட்டு உண்டு. ஒரு வதந்தியைக் கட்டிவிட வேண்டும். அது ஊரெல்லாம் சுற்றி, கட்டியவனின் சொந்தக்காரர் வாயாலேயே அவனிடம் வந்து சேர்ந்தால் ஜெயம்.

விதி ஒன்றே ஒன்று. பொய்க்குள் ஒரு நிஜம் இருக்கவேண்டும். முழுப் பொய் தெருமுனை தாண்டாது என்பது அங்கே அனுபவப்பட்டவர்கள் சொன்னது.

நிஜத்துக்கு அவன் அதிகம் அலையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குக் கொசுவலை விற்க ஒருவர் வருவார். மொபெட், மூட்டை, இல்லாத விரல்கள். ஒரு நிஜம் போதும் என்ற இடத்தில் மூன்றையும் வைத்தான். கெட்டிக்காரன்.

அக்காவின் குரலைத் தளத்தில் ஏற்றினான். 'வீடு வந்தது' என்று மட்டும் எழுதினான்.

பாராட்டு குவிந்தது. இரண்டு வருடமாக அங்கே யாரும் ஜெயித்ததில்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை கிடைத்த அன்றுகூட அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிறகுதான் அக்கா குரலோடு சேர்த்து அனுப்பியிருந்த செய்தியைப் படித்தான்.

அவன் எழுதியது நாலு வரி. இதில் பதினைந்து வரி இருந்தது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்திருந்தார்கள். எங்கேயோ காணாமல் போன ஒரு குழந்தையின் படம். அழுகிற தாய். கடைசி வரியில் அவனுடைய தெருவின் பெயர்.

தெருவின் பெயரை அவன் எழுதவில்லை.

மொபெட்டையும் விரலையும் படித்துவிட்டு, ஆளை அடையாளம் தெரிந்த யாரோ சேர்த்திருக்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்று.

கொசுவலைக்காரர் வருகிற நேரம்.

தளத்துக்குத் திரும்பினான். 'இதை எழுதியது நான். எல்லாம் பொய். அந்த ஆள் ஒரு பாவமும் அறியாதவர். பரப்பாதீர்கள்' என்று எழுதினான்.

'இல்லை, எழுதியது நான்' என்றது ஒரு பதில்.

'நான்தான்' என்றது இன்னொன்று.

ஒரே நிமிடத்தில் பதினேழு பேர் அதை எழுதியிருந்தார்கள். நல்ல வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். பதினேழு பேருக்கும் அவன் பெயர்தான்.

அக்காவுக்கு எழுதினான். 'அது பொய்க்கா.'

'உனக்கு எப்படித் தெரியும்?'



கீழே மொபெட் சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் ஆட்களின் சத்தம்.

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் மூன்று மாடி இறங்கினான். சொல்ல வேண்டியதை இறங்கும்போதே தயார் செய்துகொண்டான். நான்தான் எழுதினேன். அவ்வளவுதான். அதைச் சொன்னால் ஒரு மனிதன் பிழைப்பான் என்றால் சொல்லமாட்டானா? அவ்வளவு மோசமானவன் இல்லை அவன்.

இருபது முப்பது பேர் இருந்தார்கள். இஸ்திரிக்கடைக்காரர், பால் பூத் அம்மா, எதிர் வீட்டு வாத்தியார். தினமும் பார்க்கிற முகங்கள், நல்ல மனிதர்கள். மொபெட் சாய்ந்து கிடந்தது. மூட்டையிலிருந்து கொசுவலைகளை ஒவ்வொன்றாக உருவி உதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே குழந்தையைத் தேடினார்கள்.

வாத்தியார் அந்த ஆளின் வலது கையைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கொசுவலைக்காரரின் உதடு கிழிந்திருந்தது. அவனைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"இதோ, இந்தத் தம்பியக் கேளுங்க. மூணாவது மாடி. இவரு ரூமுக்கு நான்தான் வல மாட்டிக் குடுத்தேன். டீ போட்டுக் குடுத்தாரு. மாரப்பன்னு என் பேருகூடத் தெரியும். சொல்லுங்க தம்பி."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. கைகளும் திரும்பின. ஒவ்வொரு கையிலும் ஒரு போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"இவன உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார் இஸ்திரிக்கடைக்காரர். போனைக் கிட்டே கொண்டுவந்தார். "மொதல்ல உங்க பேரச் சொல்லுங்க."

அவன் பயந்தான். வெட்கமோ குற்ற உணர்ச்சியோ எதுவும் இல்லை. வெறும் பயம்.

மாரப்பன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தயார் செய்து வைத்தது தொண்டை வரைக்கும் வந்தது.

"என்ன சத்தம்னு பாக்க வந்தேங்க," என்றான்.

மாரப்பன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அது கேட்கவில்லை. போன்கள் அவரிடம் திரும்பிவிட்டன.

"சாருக்கு வழி விடுங்கப்பா," என்றார் இஸ்திரிக்கடைக்காரர்.

மரியாதையாக விலகி வழி விட்டார்கள்.