நான்காவது அப்பா

நகராட்சியின் குழந்தைகள் இல்லத்தில் யார் சேர்மன் ஆனாலும் அவர்தான் அப்பா. வார்டன் ஸ்டெல்லா பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடப் பழக்கியிருந்தாள். தமயந்திக்கு இப்போதிருப்பவர் நான்காவது அப்பா. போன பொங்கல் விழாவில் அவள் தலைமேல் கைவைத்து, "எதுன்னாலும் அப்பாகிட்ட வரணும், என்ன?" என்று மைக்கில் சொன்னவர்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நாளையோடு இல்லத்தில் இடமில்லை. நர்சிங் கல்லூரி விடுதி திறக்கும்வரை தங்கிக்கொள்ளலாமா என்று கேட்க அவர் வீட்டுக்கே போனாள். அவர் கார் ஏறப் போய்க்கொண்டிருந்தார். பழகின வாய் பழகினபடியே கூப்பிட்டது.

"அப்பா."

வாசலுக்கு வந்த அவர் மனைவி தமயந்தியை ஏற இறங்கப் பார்த்தாள். வயதைக் கணக்குப் போடுகிற பார்வை.

"யாருங்க இவ?"

சேர்மனுக்கு முகம் வெளிறிப்போனது. "சத்தியமா தெரியாதுடி. இந்தப் பொண்ணை இதுக்கு முன்னால நான் பார்த்ததே இல்ல."

வாட்ச்மேன் அவளை வெளியே விட்டுக் கேட்டைச் சாத்தினான்.

இல்லத்தில் ஸ்டெல்லா சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? காலையில சேர்மன் வர்றார். இதுங்க எல்லாம் புதுசு, வாயே திறக்க மாட்டேங்குது. கிளம்புறதுக்கு முன்னால எப்படிக் கூப்பிடணும்னு சொல்லிக்குடுத்துட்டுப் போ."

பிள்ளைகள் எல்லாம் தமயந்தியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன.