வெயில் வரும்வரை

“வாத்து இருக்குதா பாய்?”

ஏரிக்கரையின் மறுபக்கச் சரிவிலிருந்து தனகோட்டி கேட்டாள்.

“இருக்குது” என்றேன்.

எழுந்து நிற்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தலை தெரிந்தால் பறவைகள் கிளம்பிவிடும். நான் மட்டும் இந்தப் பக்கம், கோரைக்குள், முழங்கால் அளவு தண்ணீரில் கழுத்தில் கேமராவுடன் நின்றிருந்தேன்.

அவள் கேட்டது வாத்தைப் பற்றி அல்ல. தண்ணீருக்குள் இருந்த புருஷனைப் பற்றி. புருஷன் பெயரை அவள் சொல்ல மாட்டாள். வாத்து அதே இடத்தில் இருக்கிறது என்றால் தங்கராசுவும் அதனருகில் இருக்கிறான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

தங்கராசு காட்டு வாத்து பிடிக்கிறவன். வலை கிடையாது, துப்பாக்கி கிடையாது. பானைதான்.

நான்கு பழைய பானைகளை ஏரியில் மிதக்க விடுவான். முதல் நாள் வாத்துகள் விலகிப் போகும். நாலாம் நாள் பானையை உரசிக்கொண்டு நீந்தும். ஐந்தாம் நாள் இன்னொரு பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நடந்து போவான். வாய் கீழே பார்த்திருக்கும் பானை அது ஒன்றுதான். பார்ப்பதற்கு இரண்டு ஓட்டை. தண்ணீருக்கடியில் கையை நீட்டி, வாத்தின் காலைப் பிடித்துக் கீழே இழுப்பான். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

இன்று இழுக்க வேண்டாம் என்றேன். வாத்தின் காலில் கயிறு கட்டி மறுமுனையைத் தன் அரைஞாணில் முடிந்துகொள்ளச் சொன்னேன். வாத்து தானாக மிதப்பதுபோல இருக்கும். நான் குரல் கொடுக்கும்வரை அவன் அங்கேயே நிற்க வேண்டும்.

செஞ்சி கடைத்தெருவில் பதினோரு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம் கொஞ்சம், பள்ளிக்கூட குரூப் கொஞ்சம். மீதியெல்லாம் பிணம். நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டு. எந்தப் படத்தின் அடியிலும் என் பெயர் வந்ததில்லை. மெட்ராஸ் பத்திரிகை ஒன்று பறவைப் படப் போட்டி அறிவித்திருந்தது.

இறங்குவதற்கு முன் தங்கராசு சிரித்தான்.

“பொணத்தையே புடிச்சிப் புடிச்சி, ஆடாம இருந்தாத்தான் உனக்குப் புடிக்குது பாய். வாத்துக்கும் தாடையக் கட்டிடவா?”

வாத்து நின்ற இடம் சரியாக இருந்தது. பின்னால் ராஜகிரி. வெயில் விழுந்தால் மலை முழுதும் தண்ணீரில் இறங்கும். வாத்து அதன் உச்சியில் உட்கார்ந்ததுபோல வரும்.

ஆனால் மேகம். ஃபிலிமில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. பதினொன்றைத் தூரத்தில் பறந்தவற்றுக்கு வீணாக்கியிருந்தேன்.

காத்திருந்தேன்.

வாத்து திடீரென்று சிறகை அடித்தது. மார்புவரை தண்ணீருக்குள் இழுபட்டது. மேலே வந்தது. மறுபடி இழுபட்டது.

அலை வந்து என் முழங்காலில் மோதியது.

“இன்னா சத்தம் அது?”

“வாத்து சிறகடிக்குது.”

“இருக்குது இல்ல?”

“இருக்குது.”

“எம்மா நேரம் பாய்! கண்ணாலத்துல மாப்பிள்ளயக்கூட இவ்ளோ நேரம் நிறுத்த மாட்டியே. அவருக்குக் கை காலு வெறச்சிப் போவும், வரச் சொல்லு.”

“வெயில் வரட்டும்.”

வாத்து அடங்கிவிட்டது. கழுத்தை நீட்டியபடி, ஒரு பக்கமும் திரும்பாமல். தண்ணீரும் அடங்கியது. காட்டுப் பறவை எதிலும் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

மேகம் விலகியது. மலை தண்ணீரில் இறங்கியது.

எடுத்தேன்.

“தங்கராசு, வா!” என்று கத்தினேன்.

ஏரியிலிருந்த பறவைகளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. அந்த வாத்தும் எழுந்தது. கயிறு இருந்த மட்டும் எழுந்து, சுண்டப்பட்டு விழுந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது.

வேறு எதுவும் மேலே வரவில்லை.

தனகோட்டி கரைமேல் ஏறி நின்றாள். ஏரியைப் பார்த்தாள். பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

அவன் நின்ற இடத்தை ஒட்டி, கோடையில் வண்டி வண்டியாக மண் எடுத்த பள்ளம். உள்ளே இடுப்பளவு சேறு. ஊர் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே முங்கி அவனைக் கண்டுபிடித்தார்கள். கயிற்றை அறுத்ததும் வாத்து போய்விட்டது.

படம் பத்திரிகையில் வந்தது. அடியில் ‘ஹுசைன், செஞ்சி’ என்று போட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தனகோட்டி ஸ்டூடியோவுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அவரு படம்னு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல பாய். அன்னிக்கிப் புடிச்சியே, அதுல அவரு உசுரோட இருக்காரு இல்ல?”

பெரிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் தேடினாள்.

“பானையே தெரியலியே. இதுல அவரு எங்க?”

வாத்துக்கு நேர் கீழே தண்ணீரைக் காட்டினேன். அங்கே விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

“பானை படத்துல விழல” என்றேன்.

விழுந்திருக்கிறது. எல்லாம் காற்றில் ஒதுங்கி, இடது ஓரத்தில். பத்திரிகைக்கு அனுப்பும்போதே இரண்டு விரல் அகலம் வெட்டிவிட்டேன். அவளுக்குக் கொடுத்ததிலும் வெட்டினேன். நெகடிவில் இருக்கிறது. ஐந்து பானைகள். ஐந்துக்கும் வாய் வானத்தைப் பார்த்திருக்கிறது.

ஐந்தாவது புரண்டதைக் கேமராக் கண்ணாடியில் பார்த்தேன்.

அப்போது வெயில் வந்திருக்கவில்லை.